ஒருவர் கூடாரம்: எடை ஒன்றே போதுமா?

கூடாரம் என்பது தமிழருக்குப் புதிய பொருளன்று. முல்லைப்பாட்டைப் பாடமாகப் படித்த மாணவர்கள், காட்டைத் திருத்தி அரசனுக்குப் பாசறை அமைத்த காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அது ஒரு படைக்காகப் பலர் கூடி எழுப்பிய பாடிவீடு. தன் கூடாரத்தைத் தானே சுமந்து, தானே அடித்து, தான் ஒருவர் மட்டும் அதனுள் உறங்கி, விடிந்ததும் சுருட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் வழக்கம் நம் கல்லூரி மாணவரிடையே மிக அண்மையில்தான் வந்திருக்கிறது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தக் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்நாட்டில் கூடாரங்களை எடையைச் சொல்லியே அழைத்தார்கள். நாற்பது பவுண்டுக் கூடாரம், எண்பது பவுண்டுக் கூடாரம் என்பவை அன்றைய பெயர்கள். நாற்பது பவுண்டு என்றால் 18 கிலோ. அதைச் சுமந்தவர் கூலியாள். அதில் உறங்கியவர் துரை. ஆகவே எடை என்பது துரைக்கு வெறும் பெயராக இருந்தது. நம் தேசிய மாணவர் படை முகாமுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மழையில் நனைந்த கித்தான் கூடாரத்தை லாரியில் ஏற்றிய தோள்வலியைச் சொல்வார்கள். இன்றும் கூடாரத்தை எடையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பவுண்டு போய்க் கிராம் வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு பருவத் தேர்வு முடியும் தறுவாயில், இமயமலைப் பக்கம் நடைப்பயணம் போக விரும்பிய மாணவர்கள் ஐவர் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார்கள். இயற்பியல் ஆசிரியன் என்பது ஒரு காரணம். விடுமுறை விட்டால் மலைக்கு ஓடுகிறவன் என்ற பெயர் மற்றொரு காரணம். ஐவர் கையிலும் ஒவ்வொரு விளம்பரம். ஐவரும் வட்டமிட்டு வைத்திருந்தது ஒரே ஒரு எண்ணை. “ஐயா, இது 950 கிராம், இது 820 கிராம். எதை வாங்கலாம்?” என்றான் ஒருவன். அவன் முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குப் போய் அந்தப் பணத்தைச் சேர்த்தவன். எடையைக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தகைய இரவுக்கு, எத்தனை இரவுக்கு இந்தக் கூடாரம்? இதற்கு விடை தெரியாமல் கிராம்களை ஒப்பிடுவது, வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதுவதற்குச் சமம்.

எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு மரியாதைக்குரிய முன்னோர் இருக்கிறார்கள். 1865இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய எட்வர்டு விம்பர் தாமே வடிவமைத்த கூடாரம் ஏறத்தாழ 10 கிலோ இருந்தது, நால்வர் படுக்கலாம். அவருக்குப் பின்வந்த மம்மரி என்ற மலையேறி, பனிக்கோடரிகளையே கம்பங்களாக ஊன்றி, பட்டுத்துணியில் இரண்டு கிலோவுக்கும் குறைந்த சிறு கூடாரத்தை உண்டாக்கினார். (அவர் 1895இல் நங்க பர்வதத்தில் மறைந்தார்.) லண்டனில் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்று ஒரு தையற்காரர் இருந்தார். மிதிவண்டியில் போய் முகாமிடுவதில் பெரும் பித்துக் கொண்டவர். 1901இல் மிதிவண்டி முகாமிடுவோர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒருவர் தம் கையால் தூக்கிச் செல்லத்தக்க கூடாரத்தைத் தைத்துக் காட்டும் எண்ணம் ஒரு தையற்காரருக்குத் தோன்றியதில் வியப்பென்ன? தொழில் தெரிந்தவர் கையில்தான் துணி எடை குறையும்.

அமெரிக்காவின் எம்மா கேட்வுட் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955இல், தம் 67ஆம் வயதில், அப்பலேச்சியன் நெடும்பாதை முழுவதையும், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர், தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். தாமே தைத்த துணிப்பை ஒன்று, ஒரு போர்வை, மழைக்கு மறைப்பாகக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை ஒன்று. கூடாரமே இல்லை! 1990களில் ரே ஜார்டின் என்பவர் குறைந்த எடையில் நடப்பதைப் பற்றி நூல் எழுதி, கூடாரத்துக்குப் பதில் தாமே தைத்த விரிப்பை மேலே கட்டிப் படுக்கலாம் என்று சொன்னபோது, அந்நாட்டு நடைப்பயணிகள் பலர் அவர் வழியில் சென்றார்கள். இன்று நாம் காணும் ஒரு கிலோக் கூடாரங்கள் எல்லாம் ஒருவகையில் அந்த அலையில் வந்தவையே.

பத்துக் கிலோச் சுமைக்கும் பதினைந்து கிலோச் சுமைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இமயமலை வரை போக வேண்டியதில்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களை முதுகுப்பையில் அடைத்துக்கொண்டு நம் பழைய கட்டடத்தின் மாடிப்படிகளில் பத்துமுறை ஏறி இறங்கினால் போதும். முழங்கால் உண்மையைச் சொல்லும்.

ஆனால் கேட்வுட் அம்மையார் நடந்த பாதையில் ஆங்காங்கே தங்குகுடில்கள் உண்டு. அவர் அவற்றிலும், வழியிலிருந்த வீடுகளிலும் தங்கினார். ஜார்டின் நடந்த மேற்குக் கடற்கரை நெடும்பாதையில் கோடையில் மழை குறைவு. அவர்களுடைய இரவு வேறு, நம்முடைய இரவு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் வெறும் விரிப்பின் கீழ்ப் படுத்தவர் காலையில் தம் உடம்பில் எத்தனை அட்டைகளை எண்ணியிருப்பார் என்பதை வால்பாறைப் பக்கத்து மாணவர்கள் சொல்லட்டும். அட்டையும் உண்ணியும் கொசுவும் உள்ள நாட்டில் தரைவிரிப்பும் சுற்றிலும் வலையும் சேர்த்துத் தைத்த உள்கூடு இல்லாமல் உறக்கம் கிடையாது. அந்த இரண்டையும் நீக்கினால் முந்நூறு நானூறு கிராம் குறையும் என்று கடைக்காரர் சொல்வார். குறையும்தான், நீக்குவதா வேண்டாமா என்பதைப் படுக்கப்போகும் காடு தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மழையே பெய்யாத இரவிலும் விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருப்பதைக் கண்டு, “துணி ஒழுகுகிறது” என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணி ஒழுகவில்லை. அது உள்ளே படுத்தவர் விட்ட மூச்சு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் உடல் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும், வியர்வையாகத் தெரியாமலே, நாள் ஒன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு நீரை ஆவியாக வெளியேற்றுகிறது. எட்டு மணி நேர உறக்கத்தில் இது கால் லிட்டர். மணிக்கு 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கூடாரத்தின் உள்ளே அடங்கும் காற்று ஏறத்தாழ ஒரு கன மீட்டர். 10 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர்க் காற்று தாங்கக்கூடிய நீராவி 9 கிராமைச் சற்றே தாண்டும். வறண்ட காற்றை அடைத்து வைத்தாலும் இருபது நிமிடத்தில் அது நிரம்பிவிடும்! அதற்குப் பின் நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் குளிர்ந்த துணியில் முத்து முத்தாகப் படிய வேண்டியதுதான். தெளிந்த வானத்தின் கீழ்க் கூடாரத் துணி வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. புல்நுனியில் பனி படிவதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம்.

இங்கேதான் ஒற்றைச் சுவர்க் கூடாரம், இரட்டைச் சுவர்க் கூடாரம் என்ற பிரிவு வருகிறது. மிகக் குறைந்த எடை உள்ளவற்றில் பல ஒற்றைச் சுவர். ஒரே துணி, அதுவே மழையைத் தடுக்கிறது, அதன் உட்புறத்திலேயே மூச்சும் படிகிறது. இரவில் புரண்டு படுத்தால் தோளோ பாதமோ அந்த ஈரத்தில் உரசும். இறகு அடைத்த படுக்கைப்பையாக இருந்தால், நனைந்த இறகு கட்டிபட்டு, குளிர் தாங்கும் திறனை இழந்துவிடும். இரட்டைச் சுவரில் உள்ளே வலை, வெளியே நீர்புகாத் துணி, இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. படிந்த நீர் வெளித்துணியின் உட்புறமாகவே வழிந்து தரைக்குப் போய்விடுகிறது. இதற்காக நாம் கூடுதலாகச் சுமப்பது சில நூறு கிராம். என்னைக் கேட்டால், தென்னாட்டு மலைகளுக்கும், பருவமழை தொட்டுக்கொண்டிருக்கும் இமயமலைச் சரிவுகளுக்கும் இரட்டைச் சுவரைத் தவிர வேறெதையும் ஒரு மாணவனுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். லடாக்கைப் போன்ற வறண்ட நாட்டில் ஒற்றைச் சுவர் நன்றாகவே உழைக்கும். அங்கே முழுக்க வலையான உள்கூடு இருந்தால் காற்றோடு புழுதியும் அல்லவா வந்து முகத்தில் விழும்!

எந்தக் கூடாரமானாலும் அடிக்கும் இடத்தால் பாதி ஈரத்தைத் தவிர்க்கலாம். ஓடைக்கரை அழகாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானதாதலால் இரவில் பள்ளத்தில் வந்து தங்கும், பனியும் அங்கேதான் மிகுதி. சற்று மேடான இடம், தலைக்கு மேலே இலையடர்ந்த மரம், கதவின் மேல்பகுதியில் கொஞ்சம் திறப்பு. பட்ட கிளை உள்ள மரத்தடியை மட்டும் தவிர்க்க வேண்டும். குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதை மோந்து அறிந்து எழுந்து ஓட முடியாது. கூடாரத்துள் அடுப்பு வேண்டாம்.

அடுத்தது காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது என்பது முதலாண்டு மாணவரும் அறிந்தது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் 60 நியூட்டன் அளவுக்கு அழுத்துகிறது. 72 கிலோமீட்டர் ஆகும்போது அது 240 நியூட்டன். கூடாரத்தின் ஒரு பக்கம் 1.2 சதுர மீட்டர் என்று கொண்டால், முதற்காற்றில் 7 கிலோ எடை சாய்ந்தது போல. இரண்டாம் காற்றில் 29 கிலோ. ஒரு பள்ளிச் சிறுவன் இரவு முழுவதும் நம் கூடாரத்தின்மேல் ஓடிவந்து சாய்ந்துகொண்டே இருப்பதைக் கற்பனை செய்யுங்கள். அதைத் தாங்க வேண்டியவை துணி மட்டுமா? கம்பு, முளை, இழுகயிறு மூன்றும் சேர்ந்து தாங்க வேண்டும். மலிவான கூடாரங்களில் கண்ணாடியிழைக் கம்பு வைப்பார்கள். அது குளிரில், சுமையில் பிளந்து சிம்பு சிம்பாகப் போய்விடும். அலுமினியக் கலவைக் கம்பு வளையும். ஒடிந்தாலும் ஒரு சிறு குழலைச் செருகிக் கட்டி அந்த இரவை ஓட்டிவிடலாம். அந்தக் குழலின் எடை மிகச் சொற்பம். எடை குறைக்கிறேன் என்று அதை வீட்டில் விட்டுச் செல்பவர்களும் உண்டு!

எடைக் கணக்கில் உள்ள ஒரு தந்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் ‘மினிமம் வெயிட்’. துணியும் உள்கூடும் கம்பும் மட்டும். முளைகள், இழுகயிறுகள், பைகள் அதில் சேரா. சின்ன எழுத்தில் ‘பேக்டு வெயிட்’ என்று ஒன்று இருக்கும். நாம் சுமக்கப்போவது அதைத்தான். இன்னும் சில கூடாரங்களில் கம்பே கிடையாது. நடைக்கு ஊன்றும் இரண்டு கோல்களையே நிறுத்திக் கட்ட வேண்டும். மம்மரியின் பனிக்கோடரி முறையேதான். நல்ல யோசனைதான். ஆனால் நம் மாணவரில் எத்தனை பேர் இரண்டு கோல் ஊன்றி நடக்கிறார்கள்? கூடாரத்துக்காகக் கோல்களை வாங்கினால் ஒவ்வொன்றும் கால் கிலோ. 820 கிராம் என்று வட்டமிட்டது அப்போது 1,300 கிராமைத் தாண்டும். தவிர, கோலில் நிற்கும் கூடாரம் முளைகளை நம்பியே நிற்கிறது. பாறை நிலத்தில் முளை இறங்காது. கயிற்றை ஒரு சிறு கல்லில் சுற்றி, அதன்மேல் பெரிய கல் ஒன்றைத் தூக்கி வைக்கக் கற்றவர் சமாளிப்பார். மாலை ஐந்து மணிக்குக் களைத்து வந்து, கருமேகத்தைப் பார்த்துக்கொண்டு முதன்முதலாகக் கூடாரம் அடிக்கிறவருக்கு, தன் கம்பிலேயே தானாக நிற்கும் கூடாரம்தான் துணை.

துணியின் நீர்தாங்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 1,500 மி.மீ. என்றால், அந்த உயரத்துக்கு நீர்த்தம்பம் நின்றாலும் துணி கசியாது என்று பொருள். மழைத்துளிக்கு இது போதும். தரைவிரிப்புக்குப் போதாது. முழங்கையை ஊன்றி எழும்போது 10 கிலோ எடை 20 சதுர சென்டிமீட்டரில் இறங்குவதாக வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. அதாவது 5 மீட்டர் நீர்த்தம்பம், 5,000 மி.மீ. நனைந்த தரையில் மெல்லிய விரிப்பின் வழியே நீர் மேலேறுவதற்கு இதுவே காரணம். ஆகவே மேல்துணி மெல்லியதாக இருக்கட்டும், தரைத்துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். கூடாரத்தின் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போடுவதானால் அது கூடாரத்தைவிட ஒரு விரல் உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மழைநீரைப் பிடித்து நமக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் 215 செ.மீ. என்று போட்டிருக்கும். அது தரையின் நீளம். இருபுறமும் துணி சரிந்து வருவதால், பாயும் படுக்கைப்பையும் விரித்து அதன்மேல் படுத்தபின் முகத்துக்கும் பாதத்துக்கும் கிடைக்கும் நீளம் மிகவும் குறைவு. கடையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் உள்ளே படுத்துப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் துணிக்கும், கால் விரலுக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி இல்லாவிட்டால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உட்கார்ந்தால் தலை தட்டாமலிருப்பதும் முக்கியம். மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சிறு கூட்டுக்குள் ஒரு பகல் முழுவதும் இருக்க வேண்டிவரும். முதுகை நிமிர்த்த முடியாத பகல் மிக நீண்டது.

நம் நாட்டுக்கென்றே உள்ள ஒரு கேடு, மேல்நாட்டார் எழுதும் பரிந்துரைகளில் போதிய இடம் பெறுவதில்லை. பெரும்பாலான கூடாரத் துணிகளின்மேல் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சை நீர் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. முதலில் ஒட்டும், பிறகு நாறும், கடைசியில் செதிள் செதிளாக உரியும். கடலோர ஊர்களில், ஓட்டு வீட்டுப் பரணில், ஈரம் உலராமல் இறுகச் சுருட்டி வைத்த கூடாரம் மலையையே பார்க்காமல் கிழடாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். சிலிக்கோன் பூசிய துணிக்கு இந்தக் கேடு இல்லை. ஆனால் அதன் தையல்களில் வழக்கமான நாடா ஒட்டாது. நாமே பசை தடவி அடைக்க வேண்டும், விலையும் அதிகம். எதுவானாலும், திரும்பி வந்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி, அதற்குரிய சிறு உறையில் திணிக்காமல், ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். வெயிலில் நாள்கணக்கில் காயப்போடவும் வேண்டா; நைலான் இழைக்கு வெயிலும் பகை. அந்த நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும் என்பதையும், பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது என்பதையும் மழை இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டியவர்கள் அறிவார்கள்.

“இவ்வளவு சங்கடம் எதற்கு? இருவர் கூடாரம் ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு ஒரு கிலோதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்கு சரி. உடன்வரும் நண்பர் குறட்டை விடாதவராக இருந்தால் இன்னும் சரி. ஆனால் ஒருவர் கூடாரத்துக்கு நான் ஆதரவாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. மலைநடைக்குப் பெயர் கொடுக்க வரும் நம் மாணவியர் பலர், வகுப்பிலிருந்து தாம் ஒருவர் மட்டுமே வருவதாக இருக்கும். வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே படுப்பாய், யாரோடு படுப்பாய்?” என்பதே. முன்பின் அறியாதவர்களோடு ஒரே கூடாரத்தில் என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. உள்ளிருந்து ஜிப்பை இழுத்துவிட்டால் தனக்கே உரியதாகும் இடம் ஒன்று உண்டு என்று சொல்ல முடிந்தால் சில வீடுகளிலாவது அப்பா யோசிக்கிறார். கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு வீடுகளில் நான் கண்ட உண்மை இது. மற்றொன்றும் உண்டு. நம் மாணவரில் பாதிப்பேர் ஒரே அறையில் ஐந்தாறு பேராக உறங்கிப் பழகியவர்கள். முழு இரவும் தனியே படுத்துக் காட்டின் ஓசையைக் கேட்பது அவர்களுக்கு என்ன தரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, போய்வந்தவர்களே சொல்கிறார்கள்.

ஒருவர் கூடாரம் என்றால் ஒருவராகப் போவது என்று பொருளாகாது. இதை அழுத்திச் சொல்கிறேன். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட நடைப்பயணிகள் மாண்டதை நாம் மறக்கலாகாது. காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத காட்டில் இரவு தங்குவது சட்டப்படி குற்றம். யானை வழித்தடத்தில் தங்குவது குற்றத்தைவிடப் பெரிய அறியாமை. 2024இல் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது நல்ல செயல். ஆனால் அவை பகலில் போய்ப் பகலிலே திரும்பும் நடைகள்; அவற்றுக்குக் கூடாரம் தேவையே இல்லை. வடக்கேயும் 2018இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு முகாமிடத் தடை விதித்தது. ஆகவே எங்கே தங்க அனுமதி உண்டு என்று கேட்டறிந்தபின்தான் கூடாரக் கடைக்குப் போக வேண்டும். வரிசை மாறக்கூடாது.

இனி, எத்தனை இரவு? நம் மாணவர் ஒருவர் மூன்றாண்டுப் படிப்பில் கூடாரத்தில் உறங்கும் இரவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். பத்துக்கு மேல் போகவில்லை. பந்தயப் பாய்மரங்களுக்கென உண்டான டைனீமா கூட்டுத்துணியில் தைத்த கூடாரங்கள் அரைக் கிலோவுக்கும் குறைவு. விலை அரை லட்சத்தைத் தாண்டும். இரவுக்கு ஐயாயிரம் ரூபாய்! ஒன்றரைக் கிலோவில் நல்ல இரட்டைச் சுவர்க் கூடாரம் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அந்த விலையும்கூட, பத்து இரவுக்காக, கல்யாண மண்டபத்தில் இலை போட்டுச் சம்பாதித்த பணத்திலிருந்து போக வேண்டுமா என்பதே என் கேள்வி. நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலையும் மாணவர் தாமே வாங்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லையே.

நம் கல்லூரி உடற்கல்வித் துறை ஆறு ஒருவர் கூடாரங்களை வாங்கி வைத்து, மாணவருக்கு இரவல் தர வேண்டும் என்று முதல்வர் அவர்களையும் பேரவைப் பொறுப்பாளர்களையும் இம்மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு விழாவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியைக் குறைத்தால் இதற்குப் போதும். ஒலிபெருக்கியைக் குறைப்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு. ஆறும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்றின் கம்பு ஒடிந்தால் மற்றொன்றின் கம்பு உதவும். இரட்டைச் சுவர், அலுமினியக் கம்பு, தானாக நிற்பது, நல்ல தரைத்துணி. எடை ஒன்றரைக் கிலோவோ, ஒன்றே முக்காலோ, இருந்துவிட்டுப் போகட்டும். ஆறில் இரண்டை மாணவியருக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். இரவல் வாங்குகிறவர் முதல்நாள் மாலை விளையாட்டு மைதானத்தில் ஒருமுறை தாமே அடித்துக் காட்டிய பின்பே எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது முளைகளை எண்ணி வாங்க வேண்டும். ஈரத்தோடு கொண்டுவந்து தருபவருக்கு, நூலகத்தில் புத்தகத்தை மடித்துக் கெடுத்தவருக்கு விதிக்கும் அபராதத்தையே விதிக்கலாம். உலர்த்தக் கொடி கட்டுவதற்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பின்புறத் தாழ்வாரம் காலியாகத்தான் கிடக்கிறது; சாவி என்னிடம் இருக்கிறது.